ரெண்டே மேட்ச் ஆடின டீமுக்கு என்ன ரேங்க் கொடுப்பீங்க?

நாக்-அவுட் டோர்னமென்ட்ல முதல் இடம் யாருக்குன்னு கேட்டா எல்லாரும் சொல்லிடுவோம். ரெண்டாவது நல்ல டீம் எது? "இதென்ன கேள்வி, ஃபைனல்ல தோத்த டீம்தான்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்க.

16 கால்பந்து டீம் வருதுன்னு வெச்சுக்குவோம். சீட்டு குலுக்கி டிரா போடுறாங்க. திறமை அதிகமான டீம்தான் எப்பவும் ஜெயிக்கும், மழை, நடுவர், முழங்கால் வலி எதுவும் கிடையாதுன்னு ஒரு கனவு உலகத்தையும் சேர்த்துக் கற்பனை பண்ணுங்க. அப்படியிருந்தும் ரெண்டாவது சிறந்த டீம் ஃபைனலுக்கு வரணும்னா, அது முதல் டீமுக்கு எதிர்ப் பாதியில் விழுந்திருக்கணும். முதல் டீமுக்கு ஓரிடம் போக மீதி 15 இடம். அதில் எதிர்ப் பாதியில் இருப்பவை 8. ஆக வாய்ப்பு 15-க்கு 8, சுமார் 53 சதவீதம். கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுற மாதிரிதான். மீதி 47 சதவீதத்தில், உண்மையான ரெண்டாவது டீம் முதல் ரவுண்டிலோ கால் இறுதியிலோ அரை இறுதியிலோ வெளியேறி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே பஸ் ஏறியிருக்கும்.

இதை முதலில் கணக்குப் போட்டு எரிச்சலானவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த ஆள்தான். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல். அவருடைய நிஜப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். டென்னிஸ் போட்டிகளில் ரெண்டாவது, மூன்றாவது பரிசு தப்பான ஆளுக்குப் போகுதுன்னு 1883-லேயே ஒரு சின்ன நூல் போட்டு, மாற்று முறையும் சொல்லியிருக்கிறார்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு மண்டல வாரியாகத்தான் போட்டி நடக்குது. ஸோனல்ல ஜெயிச்சா இன்டர்-ஸோனல். காலேஜ் டீம்ல இருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, "டிரா சரியா அமையல மச்சி" என்கிற வாக்கியம் கண்டிப்பா வரும். அது சும்மா சாக்கு இல்லை, மேலே சொன்ன கணக்குதான் அந்தப் புலம்பல்.

சரி, எல்லாரும் எல்லாரோடும் ஆடிட்டா? 16 டீமுக்கு 120 ஆட்டம் வேணும். கிரவுண்டு, நடுவர், ஆன்-டியூட்டி லெட்டர், இன்டர்னல் எக்ஸாம் எல்லாம் பார்த்தா நடக்கிற காரியமா? அதுவும் நம்ம மாவட்டத்தில்? 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே ரெண்டு உலகம் இருக்கு. ஒன்று உளுந்தூர்பேட்டை மாதிரி நெடுஞ்சாலை ஓரத்து ஊர்கள். இன்னொன்று கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மேலே ஏறிப் போகிற கல்வராயன் மலை. வெள்ளிமலையிலிருந்து ஒரு டீம் கீழே இறங்கி ஆடிட்டு அன்றைக்கே திரும்பணும்னா, விசில் எத்தனை மணிக்கு ஊதுவாங்கன்னு பார்ப்பதை விட கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னுதான் பார்க்கணும். அதனால் மலை டீம்கள் கம்மியான ஆட்டம்தான் ஆடும். கம்மியா ஆடினா பாயின்ட்ஸ் டேபிள்ல கீழே கிடக்கும். கீழே கிடந்தா மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும்போது கண்ணில் படாது. சர்டிஃபிகேட், அதை வைத்துக் கேட்கிற விளையாட்டு ஒதுக்கீடு எல்லாம் இந்தச் சங்கிலியின் மறுமுனையில் தொங்குது.

ஆக இந்தக் கட்டுரையின் கேள்வி: எல்லாரும் எல்லாரோடும் ஆடாத, ஒரே எண்ணிக்கையில் கூட ஆடாத டீம்களை நியாயமாக வரிசைப்படுத்த முடியுமா?

இந்தக் கேள்வியை மண்டையை உடைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான டாலரைப் பணயம் வைத்து, கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள். அவர்கள் ஃபுட்பால்னு சொல்றது நம்ம கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஆனால் சிக்கல் அச்சு அசலா நம்ம சிக்கல். மேல்மட்டப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். உடம்பை உடைக்கும் ஆட்டம் என்பதால் ஒரு சீசனில் ஒரு டீம் சுமார் 12 ஆட்டம்தான் ஆட முடியும். பெரும்பாலும் அக்கம்பக்கத்து டீம்களோடுதான். சாம்பியன் யார்?

பல காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்து முடிவு பண்ணினாங்க. 1998-ல் 'பவுல் சாம்பியன்ஷிப் சீரிஸ்' என்று ஒரு ஏற்பாடு வந்தது. சுருக்கமா பிசிஎஸ். வாக்கெடுப்பு பாதி, கம்ப்யூட்டர் ரேங்கிங் பாதி என்கிற மாதிரி ஒரு கலவை. வருஷா வருஷம் ஃபார்முலா மாறும். அந்தக் கலவையில் முதல் ரெண்டு இடம் பிடிக்கும் டீம்கள் இறுதிப்போட்டி ஆடும்.

2003 சீசனில் வெடித்தது. பத்திரிகையாளர் வாக்கெடுப்பு, பயிற்சியாளர் வாக்கெடுப்பு ரெண்டிலும் முதலிடம் யுஎஸ்சி எனப்படும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். ஆனால் கலவைக் கணக்கில் அது மூன்றாவது! இறுதிப்போட்டிக்குப் போனவை ஓக்லஹோமாவும் எல்எஸ்யூவும். அதிலும் ஓக்லஹோமா தன் கடைசி ஆட்டத்தில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று செம அடி வாங்கிட்டு வந்த டீம். இறுதிப்போட்டியில் எல்எஸ்யூ 21-14 என்று ஜெயித்தது. பத்திரிகையாளர்களோ, "போங்கய்யா நீங்களும் உங்க கணக்கும்" என்று யுஎஸ்சியைத் தங்கள் சாம்பியனாக அறிவித்தார்கள். ஒரு வருஷம், ரெண்டு சாம்பியன். அடுத்த சீசனிலேயே கம்ப்யூட்டரின் பங்கை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் அது உள்ளே என்ன பண்ணுச்சுன்னு பார்க்கணுமில்ல? பிசிஎஸ் தன் பிற்காலத்தில் ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங்குகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு டீமுக்கும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தூக்கிவிட்டு மீதி நாலின் சராசரி. அந்த ஆறில் முழுக் கணக்கையும் பகிரங்கமாக வெளியிட்டவர் ஒரே ஒருத்தர், வெஸ் கோலி. விராட்டுக்கும் இவருக்கும் சொந்தமில்லை. இவர் வானியற்பியல் படித்தவர். அவருடைய முறைக்கு செகண்ட் இயர் மேத்ஸ் போதும். நம்மூர்லயே போட்டுப் பார்த்துடுவோம்.

முழுக்க முழுக்க கற்பனை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சின்னசேலத்துக்காரங்க கோபிச்சுக்க வேண்டாம். ஆறு ஊர் டீம்கள், 11 ஆட்டம்:

கள்ளக்குறிச்சி: சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் மூன்றையும் ஜெயித்தது, வெள்ளிமலையிடம் தோற்றது.
சங்கராபுரம்: வெள்ளிமலை, சின்னசேலம், தியாகதுருகம் மூன்றையும் ஜெயித்தது; கள்ளக்குறிச்சியிடம் தோற்றது.
உளுந்தூர்பேட்டை: சின்னசேலத்தை ரெண்டு தடவை, தியாகதுருகத்தை ஒரு தடவை ஜெயித்தது, கள்ளக்குறிச்சியிடம் தோற்றது.
வெள்ளிமலை: கள்ளக்குறிச்சியை ஜெயித்தது, சங்கராபுரத்திடம் தோற்றது. ரெண்டே ஆட்டம்.
சின்னசேலம்: தியாகதுருகத்தை மட்டும் ஜெயித்தது, நாலு தோல்வி.
தியாகதுருகம்: மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி.

வெற்றிக்கு 3 புள்ளி என்று டேபிள் போட்டால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை மூன்றும் தலா 9. வெள்ளிமலைக்கு 3. அதாவது அஞ்சு ஆட்டத்தில் நாலு தோற்ற சின்னசேலமும், ரெண்டே ஆட்டம் ஆடி அதில் ஒன்றில் டேபிள் டாப்பரையே சாய்த்த வெள்ளிமலையும் ஒரே இடத்தில்! சதவீதம் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை: முதல் மூன்றுக்கும் 75, வெள்ளிமலைக்கு 50. ஆனால் சதவீதத்துக்கு வேற வியாதி. ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஜெயிச்ச டீம் 100 சதவீதத்தோட சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடும். புத்திசாலி கேப்டன் அதோட ஷூவைக் கழட்டிடுவான்.

கோலியின் முதல் வேலை இந்த வியாதிக்கு மருந்து. வெற்றியோடு 1 கூட்டு, ஆட்ட எண்ணிக்கையோடு 2 கூட்டு, வகு. லாப்லாஸ் பெயரில் நீங்க புராபபிலிட்டி பாடத்தில் பார்த்திருக்கக்கூடிய விதிதான். ஆட்டமே ஆடாத டீமுக்கு 2-ல் 1, அதாவது 0.5. நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது, நடுவில் நில்லு. ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்தால் 3-ல் 2. நூறு சதவீதம் யாருக்கும் கிடையாது. நம்ம கணக்கில் முதல் மூன்று டீமுக்கும் 6-ல் 4, அதாவது 0.667. வெள்ளிமலை 0.5. சின்னசேலம் 0.286, தியாகதுருகம் 0.2.

இன்னும் "யாரை ஜெயிச்சே?" என்ற கேள்வி வரவில்லை. இங்கேதான் கோலியின் சாமர்த்தியம். வெற்றி எண்ணிக்கையை இப்படி உடைக்கிறார்: வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்து அதில் பாதி, கூட்டல் மொத்த ஆட்டத்தில் பாதி. போட்டுப் பாருங்க, திரும்ப வெற்றி எண்ணிக்கையே வரும். இதில் 'மொத்த ஆட்டத்தில் பாதி' என்பது என்ன? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 0.5. அதாவது எதிரே நின்ற ஒவ்வொரு டீமும் சராசரி டீம்தான் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். எல்லாரும் சராசரி இல்லையே! அதனால் அந்த 0.5-களைத் தூக்கிட்டு, அந்த இடத்தில் எதிர் டீம்களின் நிஜ ரேட்டிங்கையே வை என்கிறார்.

முடிந்தது, இதுதான் முழு முறை. வெற்றி கழித்தல் தோல்வி, அதில் பாதி, அதோட 1, அதோட எதிர் டீம் ஒவ்வொன்றின் ரேட்டிங். இந்தக் கூட்டுத்தொகையை, ஆட்ட எண்ணிக்கை கூட்டல் 2 என்பதால் வகு.

"எதிர் டீம் ரேட்டிங் தெரிஞ்சாதானே என் ரேட்டிங் வரும்? என் ரேட்டிங் தெரிஞ்சாதானே அவன் ரேட்டிங் வரும்?" சரியான கேள்வி. கோழியா முட்டையா கதை. முட்டையிலிருந்தே ஆரம்பிப்போம். முதல் சுற்று ரேட்டிங்கை எடுத்துப் போடுங்க. வெள்ளிமலையின் எதிரிகள் ரெண்டு பேரும் 0.667. வெற்றி தோல்வி சமம் என்பதால் பாதி பூஜ்யம். 1 கூட்டல் 1.333, வகுத்தல் 4. விடை 0.583. உளுந்தூர்பேட்டை? 1 கூட்டல் 1, அதோட சின்னசேலம் ரெண்டு தடவை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி. 6 ஆல் வகுத்தால் 0.573. பார்த்தீங்களா, டேபிளில் ஆறு புள்ளி பின்னாடி இருந்த வெள்ளிமலை, ஒரே சுற்றில் உளுந்தூர்பேட்டையை முந்திடுச்சு!

விசில் அடிக்க அவசரப்பட வேண்டாம். இந்தப் புது ரேட்டிங்குகளைப் போட்டு அடுத்த சுற்று ஓட்டினால் உளுந்தூர்பேட்டை 0.598, வெள்ளிமலை 0.574. ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி, சில சுற்றுக்குப் பிறகு எண்கள் அசையாமல் நின்றுவிடும். பொறுமை இல்லாதவர்கள் ஆறு சமன்பாடு, ஆறு மாறி என்று மேட்ரிக்ஸாக எழுதி, பைதானில் ஒரே வரியில் தீர்த்துடலாம். எப்படிப் போட்டாலும் கடைசி விடை இது:

கள்ளக்குறிச்சி 0.685
சங்கராபுரம் 0.631
உளுந்தூர்பேட்டை 0.586
வெள்ளிமலை 0.579
சின்னசேலம் 0.313
தியாகதுருகம் 0.206

ஒரே 9 புள்ளியில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று டீமும் எப்படிப் பிரிஞ்சிருக்கு பாருங்க. உளுந்தூர்பேட்டையின் மூன்று வெற்றியும் கடைசி ரெண்டு டீமிடம் வாங்கியவை, அதனால் இறங்கிடுச்சு. வெள்ளிமலை சின்னசேலத்தை விட்டு வெகுதூரம் மேலே ஏறி, உளுந்தூர்பேட்டையின் தோளில் கை போடும் தூரத்தில் நிற்குது. இடைவெளி 0.007. மலை டீம் சினிமா மாதிரி முதலிடத்துக்குப் பறக்கவில்லை. ரெண்டு ஆட்டத்தை வைத்து அவ்வளவு சொல்ல முடியாது என்பதைக் கணக்கே ஒத்துக்குது. ஆனால் "3 புள்ளி வாங்கின டீம்" என்று தள்ளிவிடவும் முடியாது. இந்த 0.007-க்கு நான் படிக்கிற அர்த்தம் இதுதான்: தேர்வுக் குழுவுக்கு ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் காசு இருக்குன்னா, அந்த ஆட்டத்தை வெள்ளிமலைக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் வையுங்க. யார் ஜெயிச்சாலும் இடைவெளி பளிச்னு திறந்துடும். நடுவில் பஸ் செலவைக் குழுவே ஏத்துக்கட்டும்.

இந்த முறைக்கு கோல் எத்தனை என்ற கவலையே கிடையாது. 1-0 வெற்றியும் 7-0 வெற்றியும் ஒன்று. டிரா ஆனால் ரெண்டு பக்கமும் அரை வெற்றி, அரை தோல்வி என்று போட்டுக்கலாம். கோல் வித்தியாசத்தை ஏன் விடணும்? அதில் தகவல் இருக்கே! அமெரிக்காவிலும் இதே சண்டை. அங்கே சில கம்ப்யூட்டர் முறைகள் வெற்றி வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தன. விளைவு, ஏற்கெனவே ஜெயிச்சாச்சு என்ற பிறகும் ரேட்டிங்குக்காக எதிரியைப் போட்டுச் சாத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. 2002-லிருந்து பிசிஎஸ், வித்தியாசத்தை எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஜெஃப் சகாரின் என்ற புகழ்பெற்ற ரேங்கிங்காரர் பிசிஎஸ்ஸுக்கு என்று வித்தியாசம் இல்லாத ஒரு பதிப்பைக் கொடுத்துக்கொண்டே, அடுத்த ஆட்டத்தைக் கணிக்க வித்தியாசம் சேர்த்ததுதான் மேல் என்று சொல்லிவந்தார். ரெண்டு பேர் சொல்வதும் சரி. அடுத்து யார் ஜெயிப்பான் என்று கணிப்பது ஒரு வேலை, இதுவரை ஆடினதுக்குப் பரிசு கொடுப்பது வேறு வேலை. ஒரே ஃபார்முலாவிடம் ரெண்டையும் கேட்டால் சண்டைதான் வரும். ஸ்கூல் பசங்க ஆட்டத்தில் என் ஓட்டு வித்தியாசம் வேண்டாம் என்பதற்கே. பத்தாவது கோல் வாங்குகிற கீப்பரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஃபார்முலா தப்பாக இருந்தால் மாணவர்கள் தினமும் சண்டை போடுவோம். டேட்டா தப்பாக இருந்தால்? 2010 சீசனின் இறுதிப் பட்டியல் வெளியானதும், ஜெர்ரி பாம் என்பவர் கோலியின் கணக்கைத் தன் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். விடை ஒத்து வரவில்லை. தோண்டிப் பார்த்தால், அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாய்ஸும் மோதிய ஒரு ஆட்டத்தின் முடிவு உள்ளீட்டில் விடுபட்டிருந்தது. அது மேல்மட்டப் பிரிவு ஆட்டமே இல்லை, ஒரு படி கீழே. அதைச் சேர்த்ததும் பிசிஎஸ் பட்டியலில் 10-ம் இடத்தில் இருந்த டீமும் 11-ம் இடத்தில் இருந்த டீமும் இடம் மாறின: எல்எஸ்யூவும் பாய்ஸி ஸ்டேட்டும். அந்த ரெண்டு டீமுக்கும் விடுபட்ட ஆட்டத்துக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது! எல்லா ரேட்டிங்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் ஒரு நூலை இழுத்தால் வேட்டி முழுக்க அசையுது. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று. பிழை கண்டுபிடிக்கப்பட்டது கோலியின் கணக்கில் மட்டும். ஏன்னா வெளியே இருக்கிற ஒருத்தர் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது மட்டும்தான். மீதி ஐந்திலும் பிழை இருந்ததா இல்லையா, யார் பார்த்தா?

உங்க காலேஜில், உங்க மண்டலத்தில் யாராவது "சாஃப்ட்வேர் போட்டு ரேங்க் எடுத்தோம்"னு சொன்னா, முதலில் கேட்க வேண்டியது ஆட்ட முடிவுகளின் முழுப் பட்டியலையும் ஃபார்முலாவையும்தான். ரேண்டம் நம்பர் வரைக்கும் பார்த்து கவுன்சிலிங்கில் சீட் வாங்கி வந்த நாம் இதைக் கேட்கத் தயங்கலாமா?

சதுரங்கப் பக்கம் ஒரு எட்டு போய்ட்டு வருவோம், ஏன்னா அது நம்ம ஆட்டம். அங்கே ஈலோ ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியராக இருந்த அர்பாத் ஈலோவின் பெயர் அது, சுருக்கெழுத்து இல்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970-ல் ஏற்றுக்கொண்டது. கோலி மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தீர்ப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகும். 200 புள்ளி அதிகம் இருப்பவர், ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததை விட அதிகம் எடுத்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான்.

கால்பந்தின் ஃபிஃபா ரேங்கிங் 2018-ல் இந்தப் பாணிக்கு மாறியது. அதற்கு முந்தைய முறை சராசரி முறை, அதில் ஒரு ஓட்டை. நட்பு ஆட்டத்துக்கு மதிப்பு ரொம்பக் குறைவு, ஆனால் சராசரியில் வகுக்கும்போது அதுவும் ஒரு ஆட்டம். ஜெயித்தாலும் சராசரி இறங்கலாம்! போலந்து நட்பு ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் முதல் கூடையில் இடம் பிடித்தது. ஸ்பெயின் ரெண்டாவது கூடையில். போட்டி தொடங்கியதும் போலந்து தன் குரூப்பில் கடைசி இடம். ஆடாம இருந்தா லாபம் என்று ஒரு முறை சொல்லித்தந்தால், ஆட்கள் ஆட மாட்டாங்க.

ஈலோவுக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு, அதை மாமல்லபுரத்தில் உலகமே பார்த்தது. 2022 ஒலிம்பியாடில் ரேட்டிங்படி முதல் அணி அமெரிக்கா. நம்ம குகேஷ், பிரக்ஞானந்தா எல்லாம் இருந்த இந்தியா 'பி' அணி அவர்களை 3-1 என்று வீழ்த்தி வெண்கலம் எடுத்தது. தங்கம் தரவரிசையில் 14-வதாக வந்த உஸ்பெகிஸ்தானுக்கு. காரணம் எளிது. ரேட்டிங் நேற்றைய ஆட்டங்களின் கூட்டுத்தொகை. மாசத்துக்கு மாசம் வளர்கிற பையன் எப்பவும் தன் ரேட்டிங்கை விடப் பெரியவனாகத்தான் இருப்பான். அதிகம் ஆட வாய்ப்பு கிடைக்காத இடத்திலிருந்து வருகிறவனுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிசு.

இப்போது மறுபடி மலைக்கு. மேலே போட்ட கணக்கில் வெள்ளிமலை கீழே இறங்கி ரெண்டு ஆட்டமாவது ஆடிச்சு. மலைக்குள்ளேயே, வெள்ளிமலை, கரியாலூர் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடினால்? கோலி முறையில் கம்ப்யூட்டர் எரர் எதுவும் காட்டாது. அழகா மூன்று தசம இலக்கத்தோட விடை கொடுக்கும். ஆனால் அந்த விடை பொய். தனித்துக் கிடக்கும் ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியும் சரியாக 0.5 என்றே வரும். இது அந்தச் சமன்பாடுகளைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும். மலை டீம்கள் அனைத்தும் சமவெளி டீம்களை விடப் பல மடங்கு நல்லவையாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். கணக்கு ரெண்டு கூட்டத்தையும் சமம் என்றே சொல்லும். சில வேறு முறைகளில் இந்த நிலைமையில் மேட்ரிக்ஸ் சிங்குலர் ஆகி புரோகிராம் நின்றுபோகும். எனக்கு அதுதான் நேர்மையா படுது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்ல?

இதற்கு மருந்து ஃபார்முலாவில் இல்லை, அட்டவணையில் இருக்கு. ரெண்டு கூட்டத்தையும் இணைக்கிற பாலமா சில ஆட்டங்கள் வேணும். ஒன்று இருந்தாலே கணக்கு இணைந்துவிடும், மூன்று நாலு இருந்தால் நம்பலாம். அதில் பாதியாவது மலை மேலே நடக்கட்டும். கள்ளக்குறிச்சி டீம் ஒரு தடவை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, வெள்ளிமலை கிரவுண்டில் ஆடிப் பார்க்கட்டுமே.

நாக்-அவுட்டை விட முடியாது, நாள் கம்மி என்பவர்களுக்கு சதுரங்கத்திலிருந்தே இன்னொரு யோசனை: ஸ்விஸ் முறை. யாரும் வெளியேற மாட்டார்கள்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி புள்ளி வைத்திருப்பவர்கள் மோதுவார்கள். 16 டீமுக்கு 5 சுற்று வைத்தால் 40 ஆட்டம். நாக்-அவுட்டில் 15, எல்லாரும் எல்லாரோடும் என்றால் 120. நடுவே நிற்கிற 40-ல், மலை இறங்கி வந்த டீம் ஒரே ஆட்டத்தோட திரும்பாமல் அஞ்சு ஆட்டம் ஆடிட்டுப் போகும். ஆட்ட நேரத்தைக் குறைத்து, ஏழு பேர் கால்பந்தாக வைத்தால் ரெண்டு நாளில் முடிக்கலாம். அந்த 40 முடிவையும் கோலி மேட்ரிக்ஸில் போட்டால் 1 முதல் 16 வரை வரிசை கிடைக்கும். அடுத்த வருஷம் குலுக்கலில் முதல் ரெண்டு டீமையும் எதிரெதிர்ப் பாதியில் வைத்துவிட்டால், கரோல் புலம்பிய அந்த 47 சதவீதத்தில் பெரும்பகுதி போயிடும்.

ஆரம்பிக்க என்ன வேணும்? ஒரு லேப்டாப், இருபது வரி பைதான், அதை விட முக்கியமா உங்க மண்டலத்தின் போன வருஷத்து ஆட்ட முடிவுகள். யார் யாரோடு ஆடினாங்க, யார் ஜெயிச்சாங்க, அவ்வளவுதான் தேவை. உங்க ஃபிசிக்கல் டைரக்டர் ரூம் பீரோவில் ஸ்கோர் ஷீட் கட்டு ஒன்று இருக்கும், கரையான் அரிப்பதற்குள் போய்க் கேளுங்க. டீம் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் அடிக்கிறதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. "கள்ளக்குறிச்சி" ஒரு ஷீட்டிலும் "கள்ளகுறிச்சி" இன்னொரு ஷீட்டிலும் இருந்தா, கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு டீம்.